பதினேழாம் எண் காணவில்லை

அலுவலகத்தில் அவளுக்கு 'ஞாபகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறவளுக்கு இப்படி ஒரு பெயரா என்று கணவர் சிரிப்பார். ஆனால் பெயர் பொருத்தமானதுதான். தகவல்களைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்திருந்து, கேட்ட நொடியில் எடுத்துத் தரும் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்தக் கணினி எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. எங்கோ ஒரு நிறுவனத்தின் கூடத்தில் வாடகைக்கு ஓடுகிறது. கிளவுட் என்றால் மேகம் என்கிறார்கள். அவளைப் பொறுத்தவரை அது பச்சை விளக்குகள் எரியும் ஒரு திரை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய ஆஸ்பத்திரியின் டோக்கன் வரிசையை அந்தத் தரவுத்தளத்துக்கு மாற்றியிருந்தாள். காலையில் ஒருவர் சீட்டு வாங்கினால் அவருடைய எண் அங்கே பதிவாகும். முறை வந்ததும் கூடத்துப் பலகையில் எண் ஒளிரும். நான்கு நாட்களாக எந்தக் குறையும் இல்லை.

ஐந்தாம் நாள், பதினொன்றரை மணிக்கு, அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா போன் செய்தாள்.

அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, படிக்கவைத்தவள் இந்த அக்காதான். அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் புடவைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தவளைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பரிசோதனைக்கு அனுப்பியிருந்தாள். இன்று முடிவு சொல்கிற நாள். பன்னிரண்டரைக்கு டாக்டர் அறுவைச் சிகிச்சைக்குப் போய்விடுவார்.

"நான் வீட்டுக்குக் கிளம்பறேன்டி," என்றாள் அக்கா.

"டாக்டர் பார்த்துட்டாரா?"

"எங்க பார்த்தார்? எட்டு மணியிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன். பதினாலுக்கு அப்புறம் நேரா முப்பத்தொண்ணைக் கூப்பிட்டாங்க. என் சீட்டு பதினேழு. நர்ஸம்மா தட்டிப் பார்த்துட்டு, அப்படி ஒரு நம்பரே இல்லங்கறாங்க. எனக்கு மனசுல பட்டுடுச்சு. தெரிஞ்சுக்க வேண்டாம்னு கடவுளே சொல்றார்."

இன்று திரும்பிப் போனால் அக்கா இந்த ஜென்மத்தில் மறுபடி அந்தப் படியேற மாட்டாள்.

திரையைப் பார்த்தாள். நினைவகம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"யாரு இதுல என்ன போட்டீங்க?"

பக்கத்து மேசை மீசைக்காரர் எழுந்தார். "பத்தரைக்குப் படம் ஏத்தினேன்மா. பலகையில ஓட விடறதுக்கு. கை கழுவுங்க, நடங்க, சிரிக்கிற இதயம்... இடம் நிறைய இருந்துச்சேன்னு..."

இடம் இருந்தது உண்மை. தப்பு அவளுடையது. இடம் நிரம்பினால் வெகுநேரம் யாரும் தொடாததைத் தூக்கி எறி என்று ஒரு விதி உண்டு. வேறு வேலைகளுக்கு வழக்கமாக வைக்கிற அந்த விதியை இங்கும் அப்படியே விட்டுவிட்டாள். படங்களைப் பலகை நிமிடத்துக்கு ஒருமுறை தொடுகிறது. காத்திருப்பவரின் எண்ணை யார் தொடுவார்? முறை வரும்வரை ஒருவரும் தொடுவதில்லை. ஆகவே சிரிக்கிற இதயம் பத்திரமாக இருந்தது. காலையிலேயே வந்து பொறுமையாகக் காத்திருந்த பதினாறு பேர் சத்தமில்லாமல் வெளியே எறியப்பட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, அவளை வளர்த்தவள்.

"அக்கா, கடவுளை இதுல இழுக்காதே. உன் நம்பரைத் தொலைச்சது நான்தான்."

"என்னடி உளர்றே?"

"அது என் வேலை. நான் பண்ணின தப்பு. பதினைஞ்சுலேர்ந்து முப்பது வரைக்கும் யாரும் போகக்கூடாது. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், எல்லாரையும் உட்கார வை."

மறுமுனையில் அக்கா யாரையோ அதட்டுவது கேட்டது. "ஐயா, செருப்பைக் கழட்டுங்க. எங்க கிளம்பிட்டீங்க? எல்லாரும் உட்காருங்க. என் தங்கச்சி பார்த்துக்கறா."

நம்பிக்கை வைத்துப் பேசிய அந்த அதட்டலில் அவள் கண் நிறைந்தது. துடைக்க நேரமில்லை. முதலில் படங்களை அழித்தாள். விதியை மாற்றினாள்: இனி எதையும் தூக்கி எறியக்கூடாது. மணிக்கு ஒருமுறை முழுத் தரவையும் பிரதி எடுத்து வைக்கும்படி முன்பே சொல்லியிருந்தாள். படம் ஏற்றுவதற்கு முன் எடுத்த பத்து மணிப் பிரதி இருந்தது. அதை ஓடிக்கொண்டிருப்பதன் மேல் கொட்டினால் பத்து மணிக்குப் பிறகு சீட்டு வாங்கியவர்கள் போய்விடுவார்கள். தனியாக இன்னொரு தரவுத்தளத்தைத் திறந்து அதில் பிரதியை விரித்தாள்.

அது விரிந்து முடிய ஒன்பது நிமிடம். மீசைக்காரர் நகத்தைக் கடித்தார். "திட்டிடுங்கம்மா. சும்மா இருந்தா பயமா இருக்கு."

"திட்டு பாக்கி இருக்கு. இப்ப எண்ணுங்க."

காணாமல் போனவற்றை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாக வரிசையில் சேர்த்தாள். அவர் விரல் விட்டு எண்ணினார். பதினைந்து. பதினாறு. பதினேழு. முப்பது வரை எல்லோரும் வந்துவிட்டார்கள். மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

"அடியே!" என்று போனில் அக்காவின் குரல். "பலகையில பதினைஞ்சு வந்துடுச்சு! இங்க எல்லாரும் கை தட்டறாங்க!"

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. மீசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பத்துக்குப் பதினேழு ஒளிர்ந்தது. பன்னிரண்டு இருபதுக்குப் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. மீசைக்காரர்தான் எடுத்து அவள் காதில் வைத்தார்.

"வெறும் கொழுப்புக் கட்டியாம்டி," என்றாள் அக்கா. "பயப்பட ஒண்ணுமில்லையாம். கேக்குதா? ஏய், அழறியா? உன்னைத்தான். நல்ல சேதிக்கு எவளாவது அழுவாளா?"

சொன்னவளே விம்மிக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கிப் போயிற்று. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "போனை வை. அந்தச் செருப்பு ஐயாவைக் கூப்பிடறாங்க. அவருக்குப் படி ஏற முடியல, நான் பிடிச்சு விடணும்."