குஞ்சியப்புவின் இடக்கால்

குஞ்சியப்புவின் இடக்காலில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. வீக்கம் இல்லை, புண் இல்லை, முள் ஏறிய தடம்கூட இல்லை. ஆனாலும் அந்தக் கால் எரிகிறது என்று அவர் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளங்கால் தணலில் வைத்ததுபோல் எரியுமாம். பிறகு பெருவிரல் மரத்துப்போகுமாம். வீட்டில் யாரும் அவரை நம்பவில்லை என்று சொல்லமாட்டேன். நம்பி நம்பிக் களைத்துப்போனார்கள் என்பதே சரி.

குஞ்சியப்பு என் ஐயாவின் தம்பி. அப்போது அவருக்குக் கலியாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். நீர்வேலியில் எங்களுக்கு ஒரு வாழைத்தோட்டம் இருந்தது. இறைப்பு நாட்களில் கிணற்றடியில் குஞ்சியப்பு ஏற்றமரமான துலாவில் ஏறி, அந்த நீண்ட மரத்தின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். துலா தாழ்ந்து உயரும். ஐயா கீழே நின்று, பனையோலைப் பட்டையில் ஏறிவரும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார். அம்மா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று தண்ணீரை வாழைகளுக்குத் திருப்பிவிடுவாள். துலா மரம் ஒரு சாண் அகலம்கூட இராது. வெறுங்காலைச் சரித்து, அதைக் கவ்விக்கொண்டு குஞ்சியப்பு நடப்பதை எட்டு வயதுப் பெண்ணான நான் வாய் பிளந்து பார்த்திருப்பேன்.

ஊர் வைத்தியரான பரியாரியார் வந்து பார்த்தார். வாதம் என்றார். எண்ணெய் தந்தார், கணுக்காலைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டியும் விட்டார். கட்டிய பிறகு எரிச்சல் கூடிவிட்டது என்று குஞ்சியப்பு முனகினார். நல்ல கட்டைக்கூடக் குறை சொல்கிறாரே என்று ஐயாவுக்கு எரிச்சல் வந்தது. ஒரு கிழமைக்கு இரண்டு முறை இறைப்பு நின்றது. வாழையிலைகள் ஓரம் கருகத் தொடங்கின.

அந்த ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனோம். இறந்துபோன பெரியவர்களுக்குத் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்யும் நாள் அது. ஐயா வண்டில் மாட்டை அவிழ்த்துக் கட்டப் போனபோது நான் குஞ்சியப்புவுக்குப் பின்னாலேயே நடந்தேன். தீர்த்தக் கேணியடியிலிருந்து கோயில் வாசல்வரை அவர் ஒரு அடிகூட நொண்டவில்லை. சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

அடுத்த இறைப்பு நாள் காலையில் அவர் துலாவில் ஏறவில்லை. ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கீரிமலையிலை குஞ்சியப்பு நொண்டினவரோ?"

"இல்லை ஐயா. நல்லாத்தான் நடந்தவர்."

உண்மையைத்தான் சொன்னேன். சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"கேட்டியோ தம்பி? சாமி கும்பிடேக்கை நோகாத கால், வேலையெண்டால் நோகுதோ?"

குஞ்சியப்பு இருந்த இடத்தை விட்டு எழும்பினார். கணுக்கால் கட்டை அவிழ்க்காமலே போய்த் துலாவில் ஏறினார். பத்துப் பதினைந்து பட்டை தண்ணீர் வந்திருக்கும். பிறகு அவருடைய இடக்கால் மரத்தில் பட்டதை அவரே அறியவில்லைபோலும். கால் நழுவியது. ஆள் வாழைகளுக்கு நடுவே வாய்க்காலில் விழுந்து, எழும்பாமல் கிடந்தார். ஐயா பட்டையைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு ஓடினார். "தம்பி, தம்பி" என்று அவர் கத்திய குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கால் முறிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். வண்டிலில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வீட்டில் விட ஆளில்லாததால் என்னையும் ஏற்றினார்கள்.

டொக்டர் மெலிந்த மனிதர், எங்கள் பக்கத்துத் தமிழர். எலும்பு எதுவும் முறியவில்லை என்றார். அதன்பின் கட்டை அவிழ்த்துவிட்டு, உள்கணுக்கால் மொளிக்குப் பின்புறம் ஒரு விரலால் மெல்லத் தட்டினார். குஞ்சியப்பு கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார்.

"எங்கை நோகுது?"

"பெருவிரலிலை, டொக்டர்! கொளுத்திக்கொண்டு போகுது!"

"நான் தொட்டது விரலை இல்லையே?"

டொக்டர் ஐயாவின் பக்கம் திரும்பினார். "தோட்டக்காரர்தானே? வாய்க்காலிலை ஒருத்தன் காலை வைச்சு மிதிச்சுக்கொண்டு நிண்டால், கடைசி வாழைக்குத் தண்ணி போகுமோ?"

"போகாது."

"நரம்பும் அப்பிடித்தான். இந்த மொளிக்குப் பின்னாலை ஒரு ஒடுக்கமான வழியாலை பாதத்துக்குப் போகுது. காலைச் சரிச்சுச் சரிச்சு மிதிச்சதிலை அந்த இடம் நெரிபட்டுப் போச்சு. நெரியிறது இங்கை, எரியிறது அங்கை. இறுக்கிக் கட்டினது இன்னும் பிழையாப் போச்சு. வெளியிலை பாத்தால் ஒண்டும் தெரியாது."

ஐயா குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். "அப்ப ஏன் தம்பி, கீரிமலையிலை நேரா நடந்தனீ?"

குஞ்சியப்பு சுவரைப் பார்த்தபடி சொன்னார். "கேணியடியிலை எனக்குப் பேசுற பொம்பிளைப் பகுதி ஆக்கள் நிண்டவை, அண்ணை. நொண்டினால் ஆர் பொம்பிளை தருவினம்?"

நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். குஞ்சியப்பு அதைக் கண்டிருக்க வேண்டும். "பிள்ளை கண்டதைத்தானே சொன்னது" என்றார்.

ஆறு கிழமைக்குத் துலா மிதிக்கக்கூடாது என்பது டொக்டர் உத்தரவு. கட்டுப் போடக்கூடாது. செருப்புக்குள் பாதத்தின் உள்வளைவைத் தாங்க ஒரு தோல் துண்டு வைத்துத் தைக்க வேண்டும். தோட்டத்துக்குச் செருப்போடு வந்த முதல் மனிதர் குஞ்சியப்புவாகத்தான் இருக்கும் என்று ஊர் சிரித்தது. ஆனால் எரிச்சல் நாளுக்கு நாள் குறைந்தது. ஒருநாள் விடியற்காலையில் பெருவிரலில் எறும்பு கடித்ததென்று அவர் சந்தோஷமாகக் கூவினார்.

இதற்கிடையில் ஐயா தானாகவே பெண் வீட்டுக்குப் போய், தம்பியின் கால் கதையை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தார். இப்படிக் காட்டிக்கொடுக்கலாமா என்று எனக்கு ஐயாவில் கோபம். அடுத்த கிழமை பெண்ணின் தகப்பனார் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். வாழைகளைப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார். குஞ்சியப்புவின் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இனித் துலா ஆர் மிதிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான்" என்றார் ஐயா.

வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டு, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். ஆவணியில் கலியாணம் நடந்தது.

ஆறு கிழமை முடிந்து, கால் முற்றாகச் சுகமாகி, குஞ்சியப்பு துலாவில் ஏற வந்தபோதெல்லாம் ஐயா விடவில்லை. "நீ பட்டையைப் பிடி" என்பார். குஞ்சியப்புவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் அவர். மூச்சு வாங்க, வேர்த்து வழிய, அந்த மரத்தில் ஏறி இறங்கினார். அடுத்த வருடமும் அவர்தான் ஏறினார். ஐயாவுக்குத் துலா மிதிப்பதில் ஆசை வந்துவிட்டது என்றே நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.