சாட்சிக்கு நின்ற கேமரா

என் மச்சினன் வாங்கிய கேமரா சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். அதைப் பற்றி அவன் பேசுகிற பேச்சு லாரியில் ஏற்றினாலும் அடங்காது. மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. நாமக்கல்லில் ஒரு கம்பெனியில் வேலை. முப்பத்தைந்து வயதாகிறது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கேமரா வாங்கிய வாரமே மலைக்கு வந்துவிட்டான். காளப்பநாயக்கன்பட்டி தாண்டினதிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் அதை வண்டியின் முன்னால் மாட்டி வைத்து, வளைவு வளைவாகப் படம் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். பிடித்ததோடு விட்டானா? சாப்பிட உட்கார்ந்த எங்களுக்கு அத்தனை வளைவையும் போட்டுக் காட்டினான். வாரத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் அதே ரோட்டில் போய் வருகிறவன் நான். எனக்கு எதற்கு அதைக் காட்டுகிறான் என்று கடைசி வரைக்கும் புரியவில்லை.

போட்டோ எல்லாம் பழைய கதையாம். இது வீடியோவுக்கென்றே செய்ததாம். ஓடிக்கொண்டே எடுத்தாலும் படம் ஆடாதாம். பின்னால் இருக்கிற மரம் மட்டையெல்லாம் மங்கிப்போய் ஆள் மட்டும் பளிச்சென்று தெரிவானாம். முகம் எங்கே போனாலும் தானே தேடிப் பிடித்துக்கொள்ளுமாம். சரி, பிடிக்கட்டும் என்று வாசலில் போய் நின்றேன். என் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் வந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் பசுமாடு குறுக்கே வந்தது. கட்டம் என்னை விட்டுவிட்டு மாட்டின் மூஞ்சிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மிருகத்தின் கண்ணையும் அதற்குத் தெரியும் என்று மச்சினனுக்கு ஒரே பெருமை. ரெண்டு மூஞ்சியில எது லட்சணம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு என்றாள் என் மனைவி. அக்காளும் தம்பியும் சிரித்த சிரிப்பில், திரும்பி வந்து உட்கார்ந்த எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு மேல் ஸ்லோ மோஷன் என்று ஒன்று. கோழி தலையை உதறுவதை எடுத்து, அது உதறி முடிப்பதற்குள் நமக்குக் கொட்டாவி வருகிற மாதிரி காட்டுவான். சட்டென்று முடிகிற காரியத்தை எதற்கு இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும்? அப்படித்தான் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஆபீசுக்கு மனுவோடு போய் உட்கார்ந்தால் போதுமே. சொன்னேன். மாமாவுக்கு ரசனை கிடையாது என்று சொல்லிவிட்டான். இருக்கட்டும், எனக்கு ரசனை இல்லை. மிளகுக் கொடிக்கு என் ரசனை தேவைப்படவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கார்த்திகை மாதத்தில் எங்களுக்கு ஒரு தடம் வேண்டியிருந்தது.

எங்கள் காடு, மலையில் தேவனூர் நாடு என்கிற பகுதியில், சரிவில் கிடக்கிறது. ஒரு பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, ஒரு பக்கம் மிளகு. ரோடு மேலே இருக்கிறது. நடுவில் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அவருடைய காடு. கிழங்கு பிடுங்கினால் ஒவ்வொரு மூட்டையையும் தலையில் வைத்து அந்த ஏற்றத்தில் கொண்டுபோய்த்தான் ரோட்டில் போட வேண்டும். எனக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. சும்மா ஏறி இறங்குவதே பாடு. கூலிக்கு வருகிற ஆட்கள் சரிவைப் பார்த்ததும் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆக, வருஷக்கணக்காகச் சுமந்தது என் மனைவிதான். அவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. கை மரத்துப் போகிறது. இனிமேல் தலையில் சுமை வைத்தால் கை நிரந்தரமாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் காட்டின் ஓரமாக ஒரு சின்ன லோடு வண்டி இறங்குகிற அளவுக்குத் தடம் கிடைத்தால் அவள் கழுத்து பிழைக்கும். வேறு வழி இல்லை.

போய்க் கேட்டேன். அண்ணன் முகம் சுளிக்கவில்லை. அந்தப் புள்ளை படுற பாட்டைப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், நடந்து சொல்லிடறேன் என்றார்.

எங்கள் ஊரில் தடம் கொடுப்பதற்குப் பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. கொடுக்கிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடப்பார். ஒவ்வொரு அடையாளமாகத் தொட்டு, இங்கிருந்து இதுவரைக்கும், இன்ன அகலம் என்று உரக்கச் சொல்வார். பின்னாலேயே சாட்சிக்கு இரண்டு பேர் நடக்க வேண்டும். ஒவ்வொரு அடையாளத்திலும் அவர்கள் “கேட்டோம்” என்று சொன்னால்தான் அடுத்த அடி. இருவரும் இரண்டு பக்கத்துக்கும் ஒட்டுறவு இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். பத்துத் தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர் இது. ஒட்டுறவு இல்லாத ஆளுக்கு எங்கே போவது? கூட்டிக் கழித்தால் இரண்டே பேர். ஒருவர் பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறவர். இன்னொருவர் ஆட்டு வியாபாரி.

டீக்கடைக்காரரை நான் மனுஷனாகவே மதித்ததில்லை. டீத்தூளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வாய்க்கும் அவருக்கும் ஓய்வு கிடையாது. ஒரு வருஷம் என் கிழங்கில் பாதி அழுகிப்போனதை, இறங்குகிற பஸ் ஏறுகிற பஸ் என்று பார்க்காமல் ஊர் முழுக்கச் சொல்லி முடித்தவர். ஆட்டு வியாபாரி என் கடப்பாரையை வாங்கிக்கொண்டு போனவர். நான் கேட்கும்போதெல்லாம் அது எந்தக் கடப்பாரை என்று என்னையே கேட்பவர். இந்த இரண்டு பேரையும் அழைத்துவந்து என் தடத்துக்கு சாட்சி வைப்பதா? கேமராதான் இருக்கிறதே, மூன்று மைக் இருக்கிறதாமே, ஆளே வேண்டாம் என்று முடிவாயிற்று.

அன்று காலை அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். ஆள் எங்கே என்று கேட்டார். மச்சினன் கையிலிருந்ததைக் காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்தார். ரோட்டோரப் பலா மரத்தைத் தொட்டு, “இங்கயிருந்து கீழ் மூலைக் கல்லு வரைக்கும், சின்ன லோடு வண்டி போற அகலம்” என்று உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு வழக்கப்படி நின்றார். “கேட்டோம்” என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. மச்சினன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அண்ணன் திரும்பி அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். ஒவ்வொரு அடையாளத்திலும் அவர் நிற்பார், இவன் விரலைத் தூக்குவான். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது. டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

தை மாதம் கிழங்கு பிடுங்கி, வண்டிக்குச் சொல்லி, வண்டியும் பலா மரத்தடிக்கு வந்து நின்றது. தடத்தின் குறுக்கே, ஆள் நுழைய மட்டும் இடம் விட்டு, முள் வெட்டிப் போட்டிருந்தது. அண்ணனிடம் ஓடினேன். ஆள் நடக்கத்தான் தடம் சொன்னேன், வண்டிக்குச் சொல்லவில்லை என்றார், குரலை உயர்த்தாமல். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சொன்ன வாயும் சாகவில்லை, கேட்ட காதும் செவிடாகவில்லை, அதற்குள் இப்படிப் புரட்டுவதா என்று கத்தினேன். ஊர்க்காரர்களைக் கூட்டினேன். மச்சினனை லேப்டாப்போடு வரச் சொன்னேன். அன்று எனக்கு இருந்த தெம்புக்கு அளவே இல்லை.

அண்ணன் வீட்டுக் களத்தில் கூட்டம். டீக்கடைக்காரர் கடையை விட்டுவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்திருக்கிறது, வராமல் இருப்பாரா? மச்சினன் போட்டான். அண்ணன் வந்தார். வந்தார், வந்தார், வந்துகொண்டே இருந்தார். ஒரு கால் மேலே போய்க் கீழே வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வேட்டி காற்றில் மெல்ல மெல்ல மிதக்கிறது. பின்னால் மிளகுக் கொடியெல்லாம் அழகாக மங்கியிருக்கிறது. பலா மரத்தில் கையை வைத்தார். வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. சத்தம் இல்லை.

சத்தத்தைக் கூட்டு என்றேன். மச்சினன் எதை எதையோ அமுக்கினான். அவன் காது சிவந்துபோனது. பிறகு என் பக்கமாகக் குனிந்து, ஸ்லோ மோஷனில் எடுத்தால் அந்தக் கேமராவில் சத்தம் பதியாது என்று முணுமுணுத்தான். பார்க்க நன்றாக இருக்குமே என்று அப்படி எடுத்தானாம். கேமராவோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததாம், படிக்கவில்லையாம். மாட்டுக் கண்ணைத் தெரிந்த கேமரா, மனுஷன் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டது. மூன்று மைக்கும் மூன்று செவிடு. மூன்று நிமிஷ நடையைக் கால் மணி நேரம் ஊமைப் படமாகப் பார்த்தோம். பலாப்பழம் பழுத்தா சொல்லியனுப்புன்னு சொல்றாருங்களா என்று ஒருவர் கேட்க, களமே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

அவமானம் தாங்கவில்லை. மச்சினன் மேல் பாய்ந்தேன். உன் பேச்சைக் கேட்டு சாட்சி வேண்டாம் என்று விட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அதுவரை சும்மா நின்றிருந்த என் மனைவி முன்னால் வந்தாள்.

“என் தம்பிய எதுக்குப் பேசறீங்க? சாட்சிக்கு ஆளக் கூப்புட்டுக்கலாம் மாமான்னுதான் அவன் சொன்னான். டீக்கடைக்காரனெல்லாம் என் தடத்துல கால வெக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானுங்க.”

அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாள். டீக்கடைக்காரர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கொஞ்சம் முன்னால், முடிவாயிற்று என்று எழுதிவிட்டுப் போனேன் இல்லையா? முடிவு செய்தது நான்தான். மச்சினன் இரண்டு தடவை சொன்னான், ஆளும் இருக்கட்டும் மாமா என்று. அவன் கேமராவை நான் எவ்வளவு இளக்காரமாகப் பேசினேனோ அதைவிட இளக்காரமாக அந்த இரண்டு மனுஷர்களை நினைத்திருந்தேன்.

அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“என் வார்த்தைய நம்பாம ஒரு பொட்டியக் கூட்டியாந்து நிறுத்துன. பொட்டி ஒண்ணும் கேக்கலைங்குது. நீயே போயி அந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வா, மறுக்கா நடக்கலாம். அதுவரைக்கும் ஆள் தடந்தான்.”

நான் போகவில்லை. அந்த டீக்கடைக்கு நானா போவேன்? நாளைக்கு, அடுத்த வாரம், மிளகு பறிப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கிழங்கு பிடுங்கியாகிவிட்டது, காத்திருக்காது. அவள் சுமந்தாள். நான் பாதி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். கிழங்குக்குப் பிறகு மிளகு, மிளகுக்குப் பிறகு விறகு, மழைக்கு முன்னால் எரு மூட்டை. டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது, இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. மச்சினன் வரவே இல்லை. அண்ணன் மெதுவாக நடக்கிற அந்தப் படத்துக்குப் பாட்டு சேர்த்து நெட்டில் போட்டானாம், பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்களாம். போனில் சொன்னான். கட் பண்ணிவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு காலையில் தலை வாரி முடித்தவள் கொண்டை போடக் கையைத் தூக்கினாள். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து திரும்பி உட்கார்ந்து, கொஞ்சம் முடிஞ்சு விடுங்க என்றாள். எனக்கு முடியத் தெரியவில்லை. ஏதோ ஒரு கயிற்றைக் கட்டுகிற மாதிரி கட்டினேன். என் மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தேன்.

டீக்கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். நான் என்ன கேட்க வந்திருக்கிறேன் என்று என்னைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“ஏனுங்க, கேமரா ரிப்பேருங்களா?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் நின்றேன், சிரித்து முடியட்டும் என்று நின்றேன். பிறகு, தப்பு என்னுதுங்க, வந்து நில்லுங்க என்றேன். அவர் அடுப்பை அணைத்தார். போகிற வழியில் ஆட்டு வியாபாரியையும் அவரே கூப்பிட்டுக்கொண்டார். வழி முழுக்க என்னை ஒரு வார்த்தை குத்தவில்லை. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். பலா மரத்தைத் தொட்டார். “இங்கயிருந்து கீழ் மூலைக் கல்லு வரைக்கும், சின்ன லோடு வண்டி போற அகலம்” என்றார். அன்றைக்குச் சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை. மனுஷன் எதையும் மறந்திருக்கவில்லை. “கேட்டோம்” என்றார்கள் இரண்டு பேரும். அடுத்த அடையாளம், “கேட்டோம்.” கல் வரைக்கும் போய் முடிந்தது. வழியில் கிடந்த முள்ளையும் அண்ணனே இழுத்து ஓரமாகப் போட்டிருந்தார்.

என் மனைவி கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் கட்டிவிட்ட கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அந்தக் கடை வரைக்கும் போறதுக்கு உங்களுக்கு ஆறு மாசம் ஆச்சுங்களா?”

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அண்ணன் காதிலும் விழுந்தது, அந்த இரண்டு பேர் காதிலும் விழுந்தது.