ஒரு கை பிரேக்கும் நாலு மணி ஜீப்பும்

இரும்பு இரும்போடு தேய்ந்து கருகும்போது ஒரு வாசனை வரும் பாருங்க... மூக்கில் நிற்காது, நேராகத் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூட்ஸ் ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாக இருந்தவனுக்கு அந்த வாசனை வந்தால், எங்கோ ஒரு சக்கரம் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

எனக்கு அது வந்த நாளைச் சொல்கிறேன்.

வீடு புதூர்நாட்டுப் பக்கம், மலைமேல். வேலை கீழே, ரயிலில். கூட்ஸ் வண்டிக்கு டைம் டேபிள் கிடையாது. டிப்போவிலிருந்து ஒருவர் சைக்கிளில் டூட்டிப் புத்தகத்தோடு வந்து கதவைத் தட்டுவார். கையெழுத்துப் போட்டால் கிளம்பியாக வேண்டும். போனால் எப்போது திரும்புவோம் என்று சாமிக்கே தெரியாது. ஜங்ஷன் பக்கத்து வாடகை ரூமில் சோற்றில் கை வைத்தாலும் ஒரு காது வாசலில்தான் இருக்கும். நிம்மதியாகத் தின்றேன், தூங்கினேன் என்ற பேச்சே இல்லை.

அன்றைக்கு அரிசி குடோனுக்குப் பிரிந்து போகும் கிளைத் தண்டவாளத்தில், சைடிங்கில் இருந்தோம். மூட்டை இறக்கிய காலி வேகன்கள், நாற்பது சொச்சம். ஜங்ஷனில் கொண்டுபோய் விட்டால் என் டூட்டி முடிந்தது.

சைடிங்கில் நிற்கும் வேகன்கள் தானாக உருண்டுவிடாமல் இருக்க, கை பிரேக்கைச் சுற்றி இறுக்கி வைப்போம். காலையில் நானேதான் இறுக்கினேன். கிளம்பும் முன் வண்டியோரமாகவே நடந்து, ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும்.

பதினோரு மணிக்கு என் மச்சான் சின்னசாமி வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான்.

"மாமா, அக்காவுக்கு விடிகாலையிலேர்ந்து வலி. உங்களத்தான் கேட்டுக்கினே இருக்குது. கையோட கூட்டிக்கினு வரச் சொல்லிச்சி."

தலைப்பிரசவம்! என் மனைவி மல்லிகாவுக்கு இருபத்தொரு வயசு. எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் போக முடியாது, மாற்று கார்டு ஜங்ஷனில்தான் கிடைப்பார். மலைக்குக் கடைசி ஜீப் நாலு மணிக்கு. சீக்கிரம் கிளம்பினால் தாராளமாகப் பிடிக்கலாம்.

"நீ முன்ன போ. நாலு மணி ஜீப்ல கண்டிப்பா வந்துடறேன்னு சொல்லு" என்று அவனை அனுப்பினேன்.

அப்புறம் ஓட்டம்தான். ஒரு பிரேக்கைத் தளர்த்துவேன், அடுத்ததற்கு ஓடுவேன். இன்ஜின் பக்கம் போனதும் டிரைவர் ஏகாம்பரம் அண்ணன் சிரித்தார்.

"இன்னா கார்டு, கால்ல வெந்நீர ஊத்திக்கினு பறக்கிறே? எல்லாத்தையும் பாத்தியா?"

"பாத்துட்டேண்ணே, எடுங்க."

பார்த்தேனா? நடுவில் புதர் மண்டிய இடத்தில் நாலைந்து வேகன்களைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அதில் எதையோ விட்டோமோ என்று மனசு சொன்னது. கடைசியில் இருக்கும் என் வேனுக்குத் திரும்பும் வழியில் நின்று பார்க்க அஞ்சே நிமிஷம் ஆகும். நிற்கவில்லை. வேனில் ஏறிப் பச்சைக் கொடியை ஆட்டிவிட்டேன்.

பாதி வழியில், ஒரு வளைவில் எட்டிப் பார்க்கிறேன்... நடு வேகனின் அடியில் புகை! கூடவே அந்த வாசனை.

சிவப்புக் கொடியைக் காட்டினேன். இன்ஜினில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் என் வேனிலிருந்த பிரேக்கைப் போட்டு வண்டியை நிறுத்தினேன். கருங்கல் ஜல்லியில் தட்டுத் தடுமாறி ஓடிப் பார்த்தால், ஒரே ஒரு வேகனில் கை பிரேக் அப்படியே இறுக்கினபடி. சக்கரம் கொதிக்கிறது. பிரேக்கைத் தளர்த்தி, மண்ணை அள்ளிப் போட்டு, சூடு ஆறும் வரை காத்திருந்து, அடுத்த ஸ்டேஷனில் அதிகாரி வந்து பரிசோதித்து...

ஜங்ஷனில் இறங்கும்போது மணி நாலேகால்.

அந்தப் பிளாட்பாரத்தில் எத்தனை தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தேனோ. போனும் இல்லை, ஆளும் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

மறுநாள் காலை ஜீப்பில் போய் இறங்கினேன். தாயும் பிள்ளையும் சௌக்கியம். முந்தின நாள் சாயங்காலம் அஞ்சரைக்கே பொண்ணு பிறந்துவிட்டாள். "ஏன் வரல?" என்று மல்லிகா கேட்டாள். "வுடலம்மா, ரயில்வேல வுடல" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

இப்போது மலைக்கு ரோடு இருக்கிறது, ஆம்புலன்ஸ் ஏறி வருகிறது. கார்டுக்கு டூட்டி செல்போனில் வருகிறது. ரிட்டயர் ஆன எனக்கு மட்டும் இன்னும் ஓரிடத்தில் உட்கார வரவில்லை. அந்தப் பொண்ணுக்கு இப்போது ஏழாம் மாதம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து மணிக்கு ஒரு தரம் வீடியோ காலில் முகம் பார்க்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள், "ஏம்ப்பா, நான் பொறந்தப்ப நீ எங்க இருந்தே?"

மல்லிகா முந்திக்கொண்டாள். "அந்த ரயில்வேக்காரன் வுட்டானா? பாவி, நாசமாப் போவ!"

என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புதர், புகை, அந்த அஞ்சு நிமிஷம், எல்லாம்.

மல்லிகா என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள்.

"அந்த ஒண்ண மட்டும் பாத்திருந்தா வந்திருப்பீங்களா?"

"வந்திருப்பேன்."

"சின்னசாமி வந்து சொன்னதிலேர்ந்து, ஜீப்பு சத்தம் கேக்குதா கேக்குதான்னு பல்லக் கடிச்சிக்கினு கெடந்தேன். இத்தினி வருசமா யாரையோ திட்டிக்கினு இருந்தேனே... அத்தினியும் உங்களுக்குத்தான். வாங்கிக்குங்க."

வாங்கிக்கொண்டேன். இன்றோடு நாலு நாள் ஆகிறது. மல்லிகாவிடமிருந்து பேச்சு இல்லை. டீ மட்டும் வேளைக்கு வருகிறது.