வாய்க்குள் நின்ற வெள்ளை

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் மகள் சரசு இன்று உங்களோடு வரிசையில் நின்று கூழ் குடிக்கிறாள் என்றால், அது தாய் போட்ட பிச்சை.

மலாயாவில் எமர்ஜென்சி காலம். சுவா பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். நாலு வயது சரசுவுக்குத் தட்டம்மை கண்டது. வாசலில் வேப்பிலை செருகினோம், தாளிப்பை நிறுத்தினோம். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. பிழைத்தாள் என்று மூச்சு விட்டேன்.

பிறகுதான் வந்தது வினை. அவள் நாக்கிலும் தொண்டையிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. கஞ்சி இறங்கவில்லை. தண்ணீர் விழுங்கினாலே அழுதாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் தொண்டைப்புண் என்று பென்சிலின் ஊசி போட்டார். வெள்ளை இன்னும் பரவியது. குழந்தை எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வாயைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா இன்னும் போகலடி. உள்ளுக்கு முத்து போட்டிருக்கா. ஊசி குத்துனதே தப்பு. ஆஸ்பத்திரி பேச்சே எடுக்காதே லா, கோவிச்சுக்குவா." லயமே அதைத்தான் சொன்னது. என் வீட்டுக்காரரும் பயந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் அம்மாவிடமே சண்டை பிடித்தேன். "போயிட்டியா, இருக்கியா? நீயே சொல்லு. எம்புள்ள பட்டினியில சாவுது!" சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து அவள் பாதத்தில் வைத்தேன். சிவப்பு என்றால் வீடு, வெள்ளை என்றால் சிரம்பான் ஆஸ்பத்திரி. சரசுவின் விரலைப் பிடித்து ஒன்றைத் தொடவைத்தேன். பிரித்தால் வெள்ளை அரளி! அதற்குமேல் யார் பேச்சும் என் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை கேட் திறந்ததும் ரப்பர் லாரியில் ஏறினோம். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று வேலிக்கு வெளியே ஒரு பிடிச் சோறு விடாத காலம். காவலுக்கு நின்றவன் என் கஞ்சித் தூக்கைக் கவிழ்த்துவிட்டான். கையில் நான் பிடித்திருந்த வேப்பிலையை மட்டும் விட்டான்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் அந்த வெள்ளையைக் கொஞ்சம் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"அம்மை எப்பவோ மாறிட்டுது அம்மா. இது பூஞ்சணம், பழைய பாணிலை, ரொட்டியிலை, பிடிக்கிற மாதிரி. அம்மையாலை பிள்ளை சோர்ந்து போச்சு, ஊசியும் சேர நல்லாப் பரவிட்டுது. தொண்டைக்குக் கீழையும் இறங்கியிருக்கு. இப்பிடி நான் கண்டது குறைவு. பயப்பிடாதேங்கோ."

ஊசியை நிறுத்தினார். வாயில் ஊதா மருந்து தடவினார். சீமையிலிருந்து புதிதாக வந்த மருந்தையும் விழுங்கக் கொடுத்தார். வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. ஒரு காலை, ஊதா உதட்டோடு என்னைப் பார்த்து, "அம்மா, அந்த ஆளு கொட்டுனானே கஞ்சி, அது வேணும்" என்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது எந்த வீட்டில் அம்மை இறங்கினாலும் நான் போய்ப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கிறேன். பாக்கியம் அக்காவே ஆள் விட்டுக் கூப்பிடுகிறார். உங்களுக்கும் சொல்கிறேன், அம்மாவிடம் கேளுங்கள். சண்டை பிடித்தாவது கேளுங்கள், பதில் சொல்வாள். சொன்னதும் வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு லாரியில் ஏறுங்கள். அவளும் கூடவே ஏறுவாள்.