பெரிய வீல், பிடிக்காத பிரேக்

என் பழைய மவுண்டன் பைக்குக்கு இருபத்தாறு அங்குல முன்வீல் கேட்டேன். போன வாரம் பதுளை சைக்கிள் கடை முதலாளி இருபத்தேழரை அங்குலத்தை மாட்டிக் கொடுத்தார்.

பிரேக் கட்டை ரிம்மைத் தொடவேயில்லை. பசறை ரோட்டு இறக்கத்தில் பின் பிரேக் மட்டும் போதாமல் செருப்பைத் தேய்த்துத்தான் உயிர் தப்பினேன்.

திரும்பப் போய்ச் சொன்னபோது, "வீல்ல ஒரு கொறையும் இல்ல, ஒங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலைங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

இன்று கடையில் கூட்டம் சேரும்வரை காத்திருந்தேன்.

"முதலாளி, ஓட்டத் தெரிஞ்சவங்க நீங்க. கடை முன்னால இருக்குற இந்த எறக்கத்துல ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க."

ஏறி உட்கார்ந்தார். பிரேக்கை அமுக்கினார். சரிவைப் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"என்னங்க, போகலையா?" என்றார் மகளுக்குச் சைக்கிள் வாங்க வந்திருந்த ஒரு அம்மா. பதிலுக்குக் காத்திராமல் மகளோடு எதிர்க்கடைக்குப் போனார்.

சரியான வீல் பத்து நிமிடத்தில் வந்தது.

இந்தப் பதிவில் கடைப் பெயரை எழுத மாட்டேன். நிருபரான எனக்கு அது தொழில் தர்மம். உள்பெட்டியில் கேட்பவர்களுக்குப் பெயரோடு கடைக்கு வழியும் சொல்வேன்.