மேங் அண்ணன் தொட்டுப் பார்த்த லாரி

மேங் கி-தொக் யாரையும் நம்பமாட்டார். கொரியாவில் தொங்துச்சொன் ஊரிலிருந்த அமெரிக்க ராணுவ முகாமின் வண்டிக் கொட்டகையில் இருபது வருஷம் சாவிக்குப் பொறுப்பாக இருந்தவர். மதிய டப்பாவைத் திறந்ததும் நெத்திலி வறுவலை எண்ணுவார். நிறுத்திய வண்டியை யாராவது நகர்த்தினார்களா என்று கண்டுபிடிக்க, டயருக்கும் தரைக்கும் சேர்த்துச் சாக்பீஸால் கோடு போடுவார். சே, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நவம்பரில் கொட்டகை வேலையை ஒரு தனியார் கம்பெனிக்கு விட்டார்கள். வண்டிகள் அரசாங்கத்தினுடையவை, ஓட்டுவதும் பராமரிப்பதும் கம்பெனி. டிரைவர்களான எங்களையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். ஆனால் ‘நல்ல நிலை’ என்று பட்டியலில் ஏறும் வண்டிக்குத்தான் டிரைவர். கம்பெனி சார்பில் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் மேங். அப்புறம் வண்டி படுத்தால் அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

என் பனி தள்ளும் லாரி குளிரில் கிளம்பவே கிளம்பாது. வண்டியைக் கழித்துவிட்டால் நானும் வீட்டுக்குத்தான். கழுவவேண்டும் என்று முந்தின நாளே சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஒப்படைக்கும் நாள் விடியுமுன் வந்தேன். அரை மணி நேரம் மல்லுக்கட்டிக் கிளப்பி, நன்றாக ஓடவிட்டு அணைத்தேன்.

மேங் வந்தார். நேரே என்ஜின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். சூடு இன்னும் ஆறியிருக்காது, செத்தேன் என்று நினைத்தேன்.

“என்ன, ஏதாவது கோளாறா?” என்றார் கூட வந்த அமெரிக்க அதிகாரி.

மேங் என்னையே பார்த்தார்.

“ஒண்ணுமில்ல சார். சில்லுன்னுதான் இருக்கு. டேய் ஜெ-சொப், கிளப்பு.”

முதல் தடவையே பிடித்தது. கையெழுத்துப் போட்டார்.

எனக்கு நிம்மதி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. இந்த மனுஷன் எதற்காகப் பொய் சொன்னார்? என்னிடம் என்ன கேட்கப்போகிறார்? சோஜு சாராயம் வாங்கிக் கொடுத்து வாயைக் கிளறினேன். குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் பனி கொட்டிய அன்று விடியுமுன் ஓடினேன். மூடியைத் தொட்டேன். சுட்டது. பக்கத்தில் மேங், காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, நீங்களா?”

“பின்னே? உன்னை நம்பியா கையெழுத்துப் போட்டேன்? முதல் பனியிலயே நீ இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவேன்னு தெரியாதா? அதான் நானே வந்து கிளப்பி வெச்சேன்.”

நான் லாரியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“என்னடா முழிக்கிற? ஏறு. திரும்பி வந்ததும் சாவியை என் கையில குடு. ஆணியில மாட்டிட்டுப் போயிடாதே.”