மச்சான் கேட்ட மேட்ச்

அன்றைக்கு வீட்டில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரி இருந்தாள். செங்கம் ரோட்டு லாட்ஜ் ஒன்றில் வேலை பார்க்கும் என் மகள் இருந்தாள். அப்புறம் மச்சான், வீட்டுக்காரியின் அண்ணன். சர்க்கரையில் அவருக்கு ரெண்டு கண்ணும் போய்விட்டது. எங்களோடுதான் இருக்கிறார்.

மகள்தான் பேச்சை எடுத்தாள். புதுசாக ஒரு ஆப் வந்திருக்கிறதாம். கிரிக்கெட், கால்பந்து, கபடி எல்லாம் அது ஒன்றிலேயே. இப்போது அவள் போனில் ரெண்டு ஆப்புக்குத் தனித்தனியாகக் கட்டுகிறாள். வீட்டுக்குக் கேபிள் வேறு.

"மூணையும் எடுத்துட்டு இது ஒண்ணு போட்டா போதும் நைனா. காசும் கம்மி. டிவிலயும் வரும்."

"தமிழ்ல சொல்லுவானாம்மா?" என்று மச்சான் கேட்டார்.

"சொல்லுவாங்க மாமா."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். எங்கள் கேபிளில் மேட்சைத் தமிழில் சொல்லும் சானல் நின்றுபோனது. கேபிள்காரரைக் கேட்டால், "இனிமே வராதுங்க" என்றுவிட்டார். இந்தியில்தான் வந்தது. வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. நாங்களாவது படத்தைப் பார்த்துக்கொள்வோம். மச்சான் கை தட்டும் சத்தத்தை வைத்து ஆட்டத்தைப் பிடிக்கப் பார்ப்பார். முடியாமல் பாதியில் எழுந்துவிடுவார்.

அப்படி எழுந்து போகிற ஆள் இல்லை அவர். ரைஸ் மில்லில் நாங்கள் ரெண்டு பேரும் ஒன்றாக மூட்டை தூக்கினோம். பிறகுதான் அவர் தங்கச்சியைக் கட்டினேன். அப்போது ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். பந்து எந்தப் பக்கம் போனது, யார் ஓடினார்கள், எல்லாம் தமிழில் சொல்வார்கள். மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டே நின்று கேட்பார். மேஸ்திரி கத்துவார். "இந்த ஒரு பாலு மட்டும் மேஸ்திரி" என்பார் மச்சான்.

பிறகு தெருவுக்கு முதல் டிவி வந்தது. ஊரை ஒட்டின மலை மறைத்ததால் படம் சரியாக வராது. மச்சான்தான் மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். கீழே தெருவே கத்தும். அவர் இறங்கி வருவதற்குள் படம் மறுபடி போய்விடும். சிரித்துக்கொண்டே திரும்ப ஏறுவார். அதெல்லாம் நன்றாக இருந்தது.

போடு என்றேன். மகள் ஒரு மாதத்துக்குப் போட்டாள். பார்த்துவிட்டுக் கேபிளை எடுக்கலாம் என்றாள்.

சாயங்காலம் மேட்ச். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பேச்சும் தமிழ். மச்சான் நாற்காலியை டிவி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரெண்டு ஓவர் போனது. பக்கத்து வீட்டில் கத்தினார்கள்.

"விக்கெட்டு போச்சு" என்றார் மச்சான்.

"இன்னும் பாலே போடல" என்றாள் வீட்டுக்காரி.

கொஞ்சம் பொறுத்து எங்கள் டிவியில் விக்கெட் விழுந்தது.

"என்னாண்ணா, ஜோசியம் சொல்றியா?"

"அவங்க வீட்ல கேபிளு. இது நெட்டு, கொஞ்சம் லேட்டாதான் வரும்" என்றாள் மகள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அப்படியும் அவர் காதுக்குக் கேட்டது. நாலாவது தரம் கத்தினபோது எழுந்துவிட்டார்.

"முடிஞ்சு போனத என்னாத்துக்கும்மா கேக்கறது. நீங்க பாருங்க."

கட்டிலில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் கேபிளுக்கு மாற்றினேன். சத்தத்தைக் குறைத்தேன்.

"மச்சான், வாங்க. நான் சொல்றேன்."

"நீயா?"

"இவரா!" என்று வீட்டுக்காரி சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்தப்பவே தலையத்தான் ஆட்டுனாரு. இவரு மேட்ச் சொல்றாராம்."

மச்சான் வந்து உட்கார்ந்தார். "போட்டான். அடிச்சான்" என்றேன்.

"எங்க அடிச்சான் மாப்ள? இப்டி சொன்னா நான் என்னாத்த பாக்கறது?"

"இடது பக்கம். தரையோட போவுது. ஒருத்தன் ஓடறான். விழுந்து தடுத்துட்டான். ஒரு ரன்னு."

"ஆங். அப்டிச் சொல்லு."

பிற்பாடு பழைய ரெண்டு ஆப்பையும் மகள் எடுத்துவிட்டாள். புதுசு அவள் போனில் இருக்கிறது. கால்பந்து பார்க்கிறாள். கேபிளை நாங்கள் எடுக்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்காரி சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து வீட்டில் கத்தும்போது மச்சானும் சேர்ந்து கத்தினார். கடைசி ஓவருக்கு முன்னால் என் முழங்காலைத் தட்டினார்.

"எவ்ளோ ஆச்சு?"

"நூத்தி நாப்பத்தாறுக்கு ஏழு."